பகலில் நாம் எண்ணும் வாத்துகளும் இரவில் அவை மேயும் நிலமும்: கடலோர ஈரநிலங்களில் குளிர்கால வாழிடம் பற்றிய விவாதம்

ஓதம் (இழையைத் தொடங்கியவர்)

கடலோர ஈரநிலங்களில் வலசை வாத்துகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் கணக்கெடுப்பு எண்களைத்தான் எடுத்து வைக்கிறோம். அந்த எண்கள் ஏறத்தாழ அனைத்தும் பகலில், கரையிலிருந்தோ படகிலிருந்தோ சிறு விமானத்திலிருந்தோ எடுக்கப்பட்டவை. காயலின் நடுவே பல்லாயிரம் ஊசிவால் வாத்துகள் இருந்தன என்று எழுதுகிறோம். அடுத்த வரியிலேயே அந்தப் பகுதியை அவற்றின் முக்கிய உணவுத்தளம் என்றும் எழுதிவிடுகிறோம். முதல் வரியைக் கண்ணால் கண்டோம். இரண்டாவது வரிக்குப் பெரும்பாலான அறிக்கைகளில் எந்தச் சான்றும் காட்டப்படுவதில்லை.

பிரான்சில் ரோன் ஆற்றின் கழிமுகமான கமார்க்கில் அலேன் தாமிசியே 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கிளுவை என்னும் சிறு வாத்துகளை ஆராய்ந்தார். அங்கே திறந்த நீர்ப்பரப்புகளில் பகல் முழுவதும் பெருங்கூட்டமாக மிதந்த கிளுவைகள் பெரும்பாலான நேரம் உறங்கின, இறகு கோதின, குளிர்காலம் முதிர முதிர இணை தேடின. சூரியன் மறைந்து வெளிச்சம் மங்கியதும் கூட்டம் கூட்டமாக எழுந்து, சுற்றியுள்ள ஆழமற்ற சதுப்புகளுக்குச் சென்று விடியும்வரை மேய்ந்தன. இந்தப் பகல் தங்கிடத்தையும், அதைச் சுற்றியுள்ள இரவு மேய்விடங்களையும் சேர்த்து ஒரே செயல் அலகாகப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அமெரிக்காவின் லூசியானா கடற்கரைச் சதுப்புகளிலும் அவர் ஆய்வு செய்திருக்கிறார்.

என்னுடைய கருத்து இதுதான். பகல் கணக்கெடுப்பு காட்டுவது வாத்துகளின் படுக்கையறையை. அவற்றின் உயிரைக் காக்கும் மேய்விடம் பல கிலோமீட்டர் தள்ளி, எந்த வரைபடத்திலும் இடம்பெறாமல், பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கிறது. தங்கிடத்துக்கு வேலி போட்டுவிட்டு மேய்விடத்தை வடிகால் வெட்டி உலர்த்தினால், சில ஆண்டுகளில் தங்கிடமும் வெறிச்சோடிப் போகும். அப்போது நாம் தங்கிடத்தில்தான் குறையைத் தேடிக்கொண்டிருப்போம். களத்தில் நெடுங்காலம் பார்த்தவர்கள் இதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

கழிமுகம்

பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பகல், இரவு என்ற பிரிவை எல்லாக் கடலோரங்களுக்கும் பொதுவிதியாக்குவதை மறுக்கிறேன். நீங்கள் காட்டிய கமார்க் மத்தியதரைக் கடலை ஒட்டியது. அங்கே கடல்நீரின் ஏற்றவற்றம் மிகச் சிறிது. நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும் கழிமுகங்களில் வாத்துகளின் நாளை வகுப்பது சூரியனைவிடக் கடல்தான். சேற்றுப்பரப்பு வற்றத்தில் வெளிப்படும்போது மேய்ச்சல். ஏற்றத்தில் நீர் மூடியதும் ஓய்வு. வட ஐரோப்பாவின் வாடன் கடற்பகுதியில் ஷெல்டக் என்னும் பெருவாத்து, சேற்றின் மேல்தோலில் இருக்கும் அரிசி அளவுச் சிறு நத்தைகளை அலகால் துழாவித் தின்பது இந்தக் கணக்கில்தான். கடற்புல் மேயும் நாமத்தலை வாத்துக்கும் நீர் எட்டும் ஆழத்துக்கு இறங்க வேண்டும். அது நண்பகலில் நிகழ்ந்தால் நண்பகலில் மேயும், நள்ளிரவில் நிகழ்ந்தால் நள்ளிரவில் மேயும்.

மூழ்கி இரைதேடும் வாத்துகளையும் மறந்துவிடக் கூடாது. ஈடர், நீள்வால் வாத்து, பொற்கண் வாத்து ஆகியவை பெரும்பாலும் பகலில் மூழ்குபவை. இவற்றைப் பகலில் எண்ணினால் மேய்விடத்திலேயே எண்ணுகிறோம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆனால் அதே மூழ்கு வாத்துகளில் கொண்டை வாத்து நேர்மாறானது. நெதர்லாந்தின் ஐசல்மேர் 1932இல் அணை கட்டி மூடப்படும்வரை கடலின் ஒரு வளைகுடாவாக இருந்தது. இன்று நன்னீர் ஏரி. அங்கே கொண்டை வாத்துகள் பகலில் அணைக்கரைகளின் காற்று மறைவில் ஒதுங்கி உறங்குகின்றன, இரவில் திறந்த நீருக்குச் சென்று வரிச்சிப்பிகளுக்காக மூழ்குகின்றன. அந்தக் கரையோரத்தை மட்டும் பகலில் எண்ணியவர், சிப்பிப் படுகையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே எந்த இனம், எவ்வளவு ஏற்றவற்றம், என்ன இரை என்ற மூன்றையும் சொல்லாமல் "வாத்துகளின் வாழிடம்" என்று பேசுவதே பொருளற்றது என்பது என் கருத்து.

ஓதம்

ஏற்றவற்றம் மிகுந்த கழிமுகங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் வாதம் காயல்களுக்கும் ஏற்றவற்றம் குறைந்த சதுப்புகளுக்கும்தான் முழுமையாகப் பொருந்தும். ஆனால் அங்கும் அடிப்படை மாறவில்லை என்றே நினைக்கிறேன். ஏற்றத்தின்போது கணக்கெடுப்பவர் ஓய்விடத்தை எண்ணுகிறார். பல கழிமுகங்களில் பறவைகள் ஒரே இடத்தில் குவிவதால் எண்ண எளிது என்பதற்காகவே ஏற்ற நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எண்ணுவதற்கு வசதியான நேரமும் பறவை மேயும் நேரமும் அங்கும் ஒன்றாக அமைவதில்லை.

உவர்நீர்

இதுவரை யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. கடலோர ஈரநிலத்தில் மேய்விடம், தங்கிடம் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஓர் இடம் உண்டு: குடிநீர் கிடைக்கும் இடம்.

கண்ணுக்கு மேலே, நெற்றி எலும்பின் பள்ளத்தில் வாத்துகளுக்கு உப்புச் சுரப்பி இருக்கிறது. உடலில் மிகும் உப்பை இரத்தத்திலிருந்து பிரித்து, செறிந்த உப்புநீராக்கி மூக்குத்துளை வழியே வெளியேற்றும் உறுப்பு அது. அலகின் நுனியில் துளி கோர்த்து நிற்பதையும், வாத்து தலையைச் சட்டென உதறி அதைத் தெறிக்க விடுவதையும் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் உண்டு. உவர்நீரில் வாழ வாழ இந்தச் சுரப்பி பருக்கும், நன்னீருக்குத் திரும்பினால் சுருங்கும். ஆனால் அதை இயக்க ஆற்றல் செலவாகிறது. வழக்கமாக நன்னீரிலும் மென்னுவர் நீரிலும் வாழும் வாத்துகளால் கடல்நீரைவிட உப்பு மிகுந்த நீரில் அதை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடிவதில்லை.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலிருந்து மெக்சிகோவின் தமவுலிபாஸ் வரை நீளும் லகூனா மாத்ரே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். மழை குறைந்து ஆவியாதல் மிகும் இந்தக் காயலில் உப்பு அதையும் மிஞ்சும். உலகிலுள்ள ரெட்ஹெட் எனப்படும் சிவந்தலை மூழ்கு வாத்துகளில் பெரும்பகுதி குளிர்காலத்தை இங்கேதான் கழிக்கிறது. அவை தின்பது பெரும்பாலும் ஒரே கடற்புல் இனத்தின் மண்ணடித் தண்டுகளை. அந்தப் புல் உப்புக் காயலில் விளைகிறது. தின்ற வாத்தோ தாகம் தீர்க்க உள்நிலத்தில் மழைநீர் தேங்கிய சிறு குட்டைகளுக்குப் பறந்து போகிறது. காயலின் உப்பு ஏற ஏற அந்தப் பயணமும் அடிக்கடி நேர்கிறது.

இப்போது வறட்சி ஆண்டை எண்ணிப் பாருங்கள். புல்வெளி அப்படியே இருக்கிறது, குட்டைகள் மட்டும் வற்றிவிட்டன. எஞ்சிய ஒன்றிரண்டு குட்டைகளிலிருந்து எட்டாத தொலைவிலுள்ள புல் இருந்தும் இல்லாததற்குச் சமம். கடற்புல்லின் பரப்பளவை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் அளந்து, இத்தனை வாத்துகளுக்கு இது போதும் என்று கணக்கிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

புல்லும் நிலையானதன்று. 1949இல் கப்பல் கால்வாய் காயலின் ஊடே வெட்டப்பட்டபின் நீரோட்டம் கூடி உப்புச் செறிவு தணிந்தது; காயலின் தென்பகுதியில் பல இடங்களில் வாத்து விரும்பும் புல் பின்வாங்க, உப்பை அவ்வளவு தாங்காத வேறு கடற்புல் அங்கே வேரூன்றியது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான்.

வைகறை

இத்துறைக்குப் புதியவன் என்பதால் அடிப்படையான ஒரு கேள்வி. ஏன் இரவில் மேய வேண்டும்? இருட்டில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? துப்பாக்கிக்கு அஞ்சித்தான் இரவில் மேய்கின்றன என்றும், வேட்டையை நிறுத்திவிட்டால் பகல் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும் என்றும் எங்கோ படித்தேன். அது உண்மையா?

ஓதம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிளுவையையோ தட்டைவாயனையோ பார்வையால் இரைதேடும் பறவையாக நினைத்தால் புரியாது. அலகின் நுனியிலும் ஓரங்களிலும் தொடு உணர்வு நுண்ணுறுப்புகள் செறிந்துள்ளன. அலகின் உள்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற மென்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. கிளுவை அலகைச் சேற்றுக்குழம்பில் கிடையாக வைத்து, தாடையை விரைவாகத் திறந்து மூடியபடி முன்னேறும். நாக்கு இறைகுழாயைப் போல நீரை உள்ளே இழுத்து ஓரங்கள் வழியே வெளியே தள்ளும். விதையும் புழுவும் தகடுகளில் தங்கிவிடும். இதற்கு வெளிச்சம் தேவையே இல்லை. தட்டைவாயனுக்கு அந்தத் தகடுகள் இன்னும் நெருக்கமானவை என்பதால், மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களைக்கூட வடித்தெடுக்கிறது. அதனால் அது தங்கிடத்திலேயே பகலிலும் மேய்வதைக் காணலாம்.

ஏன் இரவில் என்பதற்கு ஒரே விடை இல்லை. பகலில் சேற்றுப் பூனைப்பருந்தும் பெரிய கழுகுகளும் சுற்றுகின்றன. தலையைச் சேற்றில் புதைத்து மேயும் பறவைக்கு அது ஆபத்தான நேரம். திறந்த நீரில் ஆயிரக்கணக்கில் நெருங்கி மிதந்தால் எந்தப் பக்கத்திலிருந்து பருந்து வந்தாலும் ஏதோ ஒரு கண் கண்டுவிடும். மனிதரின் நடமாட்டமும் இரவில் குறைவு.

வேட்டையைப் பற்றி: அது இரவு மேய்ச்சலை வலுப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதுவே முழுக் காரணம் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கழிமுகத்தில் நீலச்சிறகி வாத்துகள் இரவில் நெல்வயல்களுக்குச் செல்வதும் பகலில் திறந்த நீரில் ஓய்வெடுப்பதும் அறியப்பட்டதே. ஐரோப்பாவின் அளவுக்கு வேட்டை நெருக்கடி அங்கே இல்லை.

கழிமுகம்

வேட்டையின் பங்கை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. டென்மார்க்கில் யெஸ்பர் மாட்சன் கடலோர ஈரநிலங்கள் இரண்டில் வேட்டையற்ற பகுதிகளைச் சோதனையாகவே அமைத்து, எல்லைகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிப் பார்த்தார். முடிவுகள் 1998இல் வெளியாயின. வேட்டையாடப்படும் இனங்களின் எண்ணிக்கை அங்கே பல மடங்கு உயர்ந்தது. வழக்கத்தைவிட நீண்ட நாள் தங்கவும் செய்தன. உணவு முன்பும் அங்கேதான் இருந்தது. அச்சத்தால் அதை அவற்றால் தொட முடியவில்லை. வாழிடத்தின் தரத்தைப் புல்லையும் புழுவையும் எடைபோட்டு மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. எல்லை மாற்றத்துக்குப் பறவைகள் ஈடுகொடுத்த வேகம், எங்கே ஆபத்து என்பதை அவை எவ்வளவு நுட்பமாகக் கற்றுக்கொள்கின்றன என்பதையும் காட்டுகிறது.

நாணற்காடு

நீரின் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரநிலங்களை நிர்வகிப்பவர்கள் கையில் உண்மையிலேயே இருக்கும் கருவி மதகுப் பலகை ஒன்றுதான். அதை ஒரு சாண் தூக்குவதும் இறக்குவதும் எந்த வாத்து வரும், எது வராது என்பதைத் தீர்மானிக்கிறது. கிளுவை சிறியது, கழுத்தும் குட்டை. அது மேய்வது பெரும்பாலும் விரற்கடை அளவிலிருந்து ஒரு சாண் ஆழம்வரை உள்ள நீரில். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து நீண்ட கழுத்தை நீட்டினால் அரை மீட்டர் அளவுக்கு எட்டும். களியன் என்னும் வாத்து மூழ்குவதால் ஆழமான நீரும் அதற்கு உகந்ததே. "வாத்துகளுக்காக" ஒரு மீட்டர் ஆழம் நீரைத் தேக்கி வைக்கும் சரணாலயம், விதை தின்னும் வாத்துகளுக்கு மேலே மிதக்க இடம் தருகிறது, கீழே கிடக்கும் உணவைப் பூட்டி வைக்கிறது. பகல் கணக்கெடுப்பில் அதே சரணாலயம் நிறைந்து வழியும். நிர்வாகம் வெற்றி என்று அறிக்கை எழுதும். ஓதம் சொல்லும் சிக்கல் இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் தெரியாது.

உணவு குறைவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் புதிய விதை விளைவதில்லை. வந்து சேர்ந்த நாளில் இருந்த இருப்பைத்தான் கடைசிவரை தின்ன வேண்டும். ஓரளவுக்குக் கீழே போனால் தேடும் உழைப்புக்குக் கிடைப்பது ஈடாகாது என்று வாத்துகள் அந்த இடத்தைக் கைவிடுகின்றன. நீர் தேக்கிய வயல்களுக்கு அந்த அளவை எக்டேருக்கு 50 கிலோ விதை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கணக்கில் எடுத்துவருகிறார்கள். ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் நிறைந்திருந்த மேய்விடம் அதன் இறுதியில் வெறுமையாக இருந்தால் அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது, தின்று தீர்ந்திருக்கலாம். ஒரு தங்கிடத்தைச் சுற்றிப் பல மேய்விடங்கள் வெவ்வேறு ஆழத்தில் தேவைப்படுவது இதனால்தான். பெண் வாத்துகள் குளிர்காலத்தின் பிற்பகுதியில் இறகுதிர்க்கும்போது புரதம் கூடுதலாக வேண்டும் என்பதால், விதை மிகுந்த வயலை விட்டுப் புழு மிகுந்த சதுப்பை நாடும் நிலையும் உண்டு.

உவர்நீர்

ஆழத்தோடு உப்பும் சேரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஒடிசாவின் சிலிகா காயலில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, உப்புக் குறைந்து, நன்னீர்க் களைகள் மண்டின. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பிறகு உப்பு மீண்டது, களை பின்வாங்கியது, கடற்புல் பரவியது. அங்கே பகல் கணக்கெடுப்பில் பெருந்திரள் நளபானா சரணாலயத்தில் பதிவாகிறது. ஊசிவால், கருவால், நாமத்தலை என்னும் மூன்றும் அங்கே மிகுதி; ஆனால் கருவாலும் நாமத்தலையும் இலை தழை மேய்பவை, ஊசிவால் பெரிதும் விதை தேடுவது. ஒரே எண்ணிக்கைப் பட்டியலில் அடுத்தடுத்து வரும் இந்த மூன்றுக்கும் உப்பு மாற்றம் ஒரே விளைவைத் தருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வைகறை

அப்படியானால் இருப்பிடத்தைக் காட்டும் சிறு செலுத்திகளை வாத்துகளில் பொருத்திப் பின்தொடர்ந்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?

நாணற்காடு

பெருமளவு தெரியும்; எல்லாம் தெரியாது. பறவையின் எடையில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் கருவி இருக்கக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. கிளுவையின் எடை 300 கிராம் அளவுதான். ஆக, பட்டையும் பசையும் உட்பட ஏறத்தாழ ஒன்பது கிராமுக்குள் அடங்க வேண்டும். முதுகில் பட்டை கட்டிய வாத்துகள் மேய்வதைக் குறைத்து இறகைக் கோதிக்கொண்டே இருப்பதாகப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே பொருத்திய முதல் சில நாட்களின் தரவை ஒதுக்கி வைப்பது நல்லது.

தரவு கிடைத்த பின்பும் ஒரு கேள்வி நிற்கும். எதோடு ஒப்பிடுவது? 1980இல் டக்ளஸ் ஜான்சன் என்னும் ஆய்வாளர் வாழிடத் தேர்வை நான்கு படிகளாகப் பிரித்தார்: இனத்தின் பரவல், அதற்குள் ஒரு பறவையின் உலாவிடம், உலாவிடத்துக்குள் அது பயன்படுத்தும் பகுதிகள், அந்தப் பகுதியில் அது கொத்தித் தின்னும் உணவு. காயல் முழுவதையும் "கிடைக்கும் இடம்" என்று வைத்தால் நெல்வயல் மிக விரும்பப்படுவதாகத் தெரியும்; தங்கிடத்திலிருந்து இரவில் பறந்து எட்டக்கூடிய வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே வயல் சாதாரணமானதாகத் தெரியலாம். எந்தப் படியில் பேசுகிறோம் என்று சொல்லாத "விருப்ப வாழிடம்" அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

கழிமுகம்

சட்டப் பாதுகாப்பு எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971இன் ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையில் 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்கும் இடம் என்பது ஓர் அளவுகோல். ஓர் இனத் தொகையின் ஒரு விழுக்காட்டைத் தாங்கும் இடம் என்பது இன்னொன்று. இரண்டையும் நிறுவுவது பகல் கணக்கெடுப்புகள்தான். இரவில் மட்டும் பறவை வரும் நெல்வயலோ, கைவிடப்பட்ட உப்பளமோ, சாலையோரக் கோரைச் சதுப்போ இந்த அளவுகோலில் எப்போதும் சுழியம் பெறும். அளவுகோல் தவறு என்று நான் சொல்லவில்லை; எல்லையை வரையும்போது மேய்விடத்தையும் உள்ளே சேர்க்க உடன்படிக்கையில் தடையேதும் இல்லை. சேர்க்க வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று முதலில் யாராவது காட்ட வேண்டும்.

ஓதம்

அதைக் காட்ட விலையுயர்ந்த கருவி இல்லாமலே தொடங்கலாம் என்பதால், கணக்கெடுப்பில் பங்கேற்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளை எழுதுகிறேன்.

பகலில் எண்ணிய இடத்துக்கே மாலையில் திரும்புங்கள். சூரியன் மறையும் முன்பே அமர்ந்து, பறவைகள் கிளம்பி முடியும்வரை, அதாவது இருட்டிய பிறகும் சற்று நேரம், எழ வேண்டாம். தங்கிடத்துக்குக் கிழக்கே அமர்ந்தால் மேற்கு வானத்தின் எஞ்சிய வெளிச்சத்தில் பறக்கும் உருவங்கள் கருமையாகத் தெரியும். கழுத்தின் நீளமும் இறக்கை வீச்சின் வேகமும் ஊசிவாலையும் கிளுவையையும் பிரித்துக் காட்டப் போதும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரம், எண்ணிக்கை, திசைமானியில் பார்த்த திசை ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். திசைமானி இல்லாமல் "வயல் பக்கம்" என்று எழுதிய குறிப்பு பிறகு எதற்கும் உதவாது. காற்றின் திசை, நிலவின் நிலை, ஓதத்தின் நேரம், நீரின் உப்பு அளவு ஆகியவற்றையும் அன்றே குறித்துவிடுங்கள்.

இரண்டு பேர் இரண்டு இடங்களிலிருந்து குறித்த திசைகளை வரைபடத்தில் கோடுகளாக நீட்டினால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேட வேண்டிய சதுப்போ வயலோ இருக்கும். மறுநாள் காலையில், நிலத்துக்கு உரியவரின் இசைவோடு, அங்கே சென்று எச்சம், உதிர்ந்த இறகு, சேற்றில் அலகு துழாவிய தடம் ஆகியவற்றைப் பாருங்கள். அலகுத் தடம் உள்ளான்கள் குத்திய துளையைப் போல இருக்காது. அகலமாக, வளைந்து வளைந்து நீளும் ஆழமற்ற கோடாக இருக்கும். நீர் வடிந்த விளிம்பில்தான் அது நிலைத்திருக்கும் என்பதால் வெயில் ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும். இரவில் விளக்கோடு மேய்விடத்துக்குள் இறங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; நாம் அளக்க வந்த மேய்ச்சலையே அது கலைத்துவிடும்.

உவர்நீர்

இதோடு நன்னீர்க் குட்டைகளையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்கிடத்தைச் சுற்றிப் பறந்து எட்டும் தொலைவிலுள்ள குட்டைகளின் பட்டியலைக் குளிர்காலத் தொடக்கத்திலேயே தயாரித்து, மாதம் ஒருமுறை நீர் இருக்கிறதா, உப்பு எவ்வளவு என்று குறித்தால் போதும். ஊசிவால்கள் ஒரு திசையை விட்டு வேறு திசைக்கு மாறிய மாதமும் ஒரு குட்டை வற்றிய மாதமும் ஒன்றாக அமைகின்றனவா என்று பார்க்க அந்த இரண்டு பட்டியல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்ய விரும்புபவர்கள் இந்த இழையிலேயே இடத்தின் வகையையும் மாதத்தையும் குறிப்பிட்டு எழுதினால் நான் ஒரே அட்டவணையாகத் தொகுத்து வைக்கிறேன். கூடு கட்டும் இடங்களையும் வேட்டைக்காரர்களுக்குப் பயன்படக்கூடிய துல்லியமான இருப்பிடக் குறிகளையும் பொதுவில் இட வேண்டாம். அவற்றைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.